அடியில் ஒரு பிடி

என் மனைவிக்கு பேங்க் மேல் எந்தக் கோபமும் கிடையாது. கணக்கில் பணம் குறைந்துபோனால் அதற்கென்று தனியாக ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கிறார்களே, அதன் மேல்தான் அவளுக்குத் தீராத ஆத்திரம். பெரிய பணம்கூட இல்லை; வெள்ளி என்று நாங்கள் சொல்லும் ரிங்கிட்டில் இருபதுகூட வராது. ஆயர் ஈத்தாம் சந்தையில் இரண்டு பேர் லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டு, ஐஸ் போட்டு ஆளுக்கு ஒரு தண்ணீரும் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆனால் அவள் அதற்கு மொய் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

"நம்ம வீட்டு விசேஷம் எதுக்காச்சும் அந்த பேங்க்காரன் வந்திருக்கானா? வந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கானா? அப்புறம் எதுக்குலா அவனுக்கு மொய் எழுதணும்?" என்பாள்.

கல்யாணமான புதிதில் நாங்கள் அவனுக்கு நிறையவே எழுதினோம். நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன்; விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் பிடித்து, தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து போகிறவன். அவளுக்கு டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை. இரண்டு சம்பளத்தையும் நம்பி ஆயர் ஈத்தாமில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினோம். லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. ஆனாலும் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். வீட்டு லோன் மாதத்தின் முதல் வாரத்தில் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கும் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். கணக்கில் பணம் இல்லையென்றால், போகாததற்கு ஒரு அபராதம், தாமதமானதற்கு ஒரு வட்டி என்று பேங்க் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும்.

எங்களை முதலில் மாட்டிவிட்டது தீபாவளிதான். இங்கே பல கம்பெனிகளில் பெருநாளுக்கு முன்பே அந்த மாதச் சம்பளத்தைப் போட்டுவிடுவார்கள். நல்ல மனதோடு செய்கிற காரியம், குறை சொல்ல முடியாது. ஆனால் மாதக் கடைசியில் வர வேண்டிய பணம் நடு மாதத்திலேயே வந்து நிற்கும்போது அது சம்பளமாகவே தெரியாது. யாரோ அன்பாகக் கொடுத்த பணம் மாதிரி இருக்கும். லிட்டில் இந்தியாவில் நடக்க இடமில்லாமல் கூட்டம் நெரியும், கடைக்குக் கடை பாட்டு அலறும், புடவை, வேட்டி, முறுக்கு அச்சு, வண்ண விளக்கு என்று கை தன்பாட்டுக்கு நீளும். அந்த வருடம் பெருநாள் முடிந்து, பட்டாசுக் குப்பையைக் கூட்டி அள்ளிய பிறகு, மாதக் கடைசியில் சம்பளம் வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் இயல்பாகக் காத்திருந்தோம். அது ஏற்கெனவே வந்து போய்விட்டது என்பது லோன் பிடிக்காமல் திரும்பிய அன்றுதான் உறைத்தது.

நான் பேங்க்கைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அவள் எழுந்துபோய் அரிசி டப்பாவைத் திறந்தாள். கடையிலிருந்து வந்த புது மூட்டை பக்கத்தில் கிடந்தது. டப்பாவின் அடியில் பழைய அரிசி ஒரு பிடி இருந்தது. எங்கள் வீடுகளில் அரிசியை வழித்துத் துடைத்துச் சமைக்க மாட்டார்கள்; அடியில் ஒரு பிடி விட்டுவைத்து அதன் மேல்தான் புது அரிசியைக் கொட்டுவார்கள். அவளும் அன்று அப்படியே கொட்டினாள். கொட்டி முடித்து மூடியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு மட்டும் ஒரு பிடி விட்டு வைக்கிறோம். கணக்க மட்டும் ஏன் வழிச்சு எடுக்கிறோம்?"

அன்று ஆரம்பித்தது. ஒரு மாதத் தவணைக்குச் சமமான பணத்தை அந்தக் கணக்கின் அடியில் சேர்க்க அவளுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. சேர்த்த பிறகு அது இருப்பதாகவே அவள் காட்டிக்கொள்ள மாட்டாள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பிடியைக் கழித்துவிட்டுத்தான் சொல்வாள். நான் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "இவ்வளவு இருக்கே?" என்பேன். "அது அரிசி" என்பாள்.

வீட்டுக்கு ஒரு கணக்கு, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் இன்னொன்று, விசேஷங்களுக்கு என்று சின்னதாக மூன்றாவது ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்று வாங்கக் கூடாது. நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டு போய் நின்றால் பதில் தயாராக இருக்கும்: "அது வேற, இது வேற." எங்கள் வீட்டில் அதிகம் ஒலித்த வாக்கியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். துணி துவைக்கும் இயந்திரம் ஒருமுறை புகைந்து அணைந்தது. வீட்டுக் கணக்கில் அத்தனை பணம் சும்மா கிடக்க, அவள் இரண்டு மாதம் வாளியில் துணி அலசினாள். என்னையும் பிழிய வைத்தாள். இயந்திரம் பழுது பார்க்கிறவன் வீட்டில் துணி பிழிகிறான் என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் தொழிற்சாலையில் ஓவர்டைம் நிறுத்தப்பட்டு, சம்பளம் சுருங்கி, கூட வேலை செய்கிறவர்கள் தவணை கட்ட முடியாமல் முகம் வாடி நின்ற மாதங்களில் நான் மட்டும் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போனேன். அந்தத் தூக்கத்தை எனக்குக் கொடுத்தது அவள்தான்.

ஒருமுறை பேங்க்கில் ஒரு தமிழ்ப் பையன், பாவம், நல்லெண்ணத்தோடுதான் அவளிடம் ஓவர்டிராஃப்ட் பற்றிச் சொன்னான்.

"அக்கா, இது போட்டுக்கிட்டா கணக்குல காசு இல்லாட்டியும் பரவால்ல. நீங்க எடுத்துக்கலாம்."

"காசே இல்லாத எடத்துல எதத் தம்பி எடுக்கிறது?"

"பேங்க் குடுக்கும்கா. வட்டி மட்டும் கொஞ்சம் வரும்."

"அப்ப அது என் கணக்கு இல்லலா, உங்க கணக்கு. நீங்களே வச்சிருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு எழுந்தாள். அவனும் சிரித்துவிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்ட என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமிதம் என் அக்கா மகள் கல்யாணத்தில் ஆட்டம் கண்டது.

எனக்கு ஒரே அக்கா. நிபோங் திபாலில் இருக்கிறாள். புருஷன் இறந்த பிறகு அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். அந்தப் பெண்ணுக்கு நான் தாய்மாமன். அவளுக்கு அப்பா இடத்தில் நிற்க வேறு யாரும் இல்லை. அவள் சின்னப் பிள்ளையாக என் தோளில் உட்கார்ந்து தைப்பூசம் பார்த்த நாளிலேயே, உன் கல்யாணத்துக்கு மாமாதான் கழுத்துக்குச் செயின் போடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அவளும் மறக்கவில்லை, அக்காவும் மறக்கவில்லை, உறவுக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள்.

கல்யாணம் இன்னும் இரண்டு வருடம் தள்ளி என்று இருந்தது. மாப்பிள்ளைக்குத் திடீரென்று சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. போவதற்குள் முடித்துவிடலாம் என்று அவர்கள் வீட்டில் நெருக்க, தீபாவளி கழிந்து சில வாரங்களில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். எங்கள் விசேஷக் கணக்கில் இருந்த பணம் பட்டுப் புடவைக்கும் சீர்த் தட்டுகளுக்கும் சரியாக இருந்தது. அதை முழுக்கப் போட்டாலும், தங்கம் விற்கிற விலையில் செயினுக்குப் பாதிகூட வராது.

வழக்கம்போல் சம்பளம் தீபாவளிக்கு முன்பே வந்தது. வீட்டுக் கணக்கில் அந்தத் தொகையைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதோடு அடியில் இருக்கும் பிடியையும் எடுத்தால் செயின் வந்துவிடும்.

"லோன் பணத்த எடுத்துட்டா மாசம் பொறந்ததும் பேங்க்குக்கு எதக் குடுக்கிறது?" என்றாள்.

"ஒரு மாசம் தவறினா வீட்ட ஏலம் போட்டுருவானா? அபராதம்தானே? கட்டிக்கலாம்."

"இப்ப வந்தது இந்த மாசச் சம்பளம். அடுத்தது அடுத்த மாசக் கடைசியிலதான். நடுவுல எத்தன நாளு இருக்குன்னு பாருங்க."

"எங்க அக்காவுக்கு என்ன விட்டா யாரு இருக்கா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது.

அவள் கத்தவில்லை. "வருஷக் கடைசி போனஸோட தைக்குள்ள செயின் காசு சேர்ந்துரும். தையில நம்மளே கொண்டுபோய்ப் போடுவோம். இத நானே அண்ணிகிட்ட சொல்றேன்" என்றாள். சொல்லவும் செய்தாள். என் முன்னாலேயே அக்காவைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல், கடன் வாங்கிச் செய்ய மனம் வரவில்லை, புடவையும் சீரும் இப்போது, செயின் தையில் என்று சொன்னாள். ஒரு பெண் தன் நாத்தனாரிடம் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மறுமுனையில் அக்கா கொஞ்சம் நிறுத்தி, "செயினா பெருசு? நீங்க ரெண்டு பேரும் வந்து முன்னால நில்லுங்கம்மா" என்றாள். அந்த நிறுத்தம் மட்டும்தான் என் காதில் தங்கியது. அதற்குப் பிறகு வீட்டில் நான் அளந்துதான் பேசினேன்.

கல்யாணம் நிபோங் திபாலில், டேவான் என்று நாங்கள் சொல்லும் பொது மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை. சீர்த் தட்டுகளை என் மனைவி அவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாள். புடவை, பழம், பூ, இனிப்பு என்று ஒவ்வொரு தட்டும் கண்ணை இழுத்தது. மேளத்தோடு தட்டுகளை ஏந்திக்கொண்டு போனோம். மணப்பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குறை எதுவும் இல்லை. ஆனால் தாலி கட்டி முடிந்து பந்தி ஆரம்பித்ததும், பெரியம்மா முறையில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னப்பா, தாய்மாமன் செயின் போடுவேன்னு சொன்னியாமே? கழுத்துல காணமே?"

"தையில போடுறோம் பெரியம்மா."

"ஓ, தையிலயா?" என்றார். எனக்குக் காது மடல் சுட்டது. வாய் திறந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று இருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. அந்த ஒரு பிடி முழுவதும். மீதி இருபது வெள்ளிச் சொச்சம்.

எனக்கு முதலில் தோன்றியது யாரோ மோசடிக்காரன் கைவைத்துவிட்டான் என்பதுதான். இப்போதெல்லாம் ஊரில் அந்தப் பேச்சுத்தானே? என் மனைவி இத்தனை வருடம் வாளியில் துணி அலசிக் காத்த பணம். இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. வரிசையாகத் தேடிக்கொண்டே மண்டபத்தின் பின்பக்கம் போனேன்.

அங்கே சமையல்காரரின் லாரிக்குப் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கல்யாணப் பட்டின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே சமையல்காரர் கைப்பேசியைப் பார்த்துத் தலையாட்டினார். "வந்துருச்சுக்கா. கோவிச்சுக்காதீங்க, ஆளுங்களுக்கு இன்னைக்கே நான் சம்பளம் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நடுவில் என் மனைவி, தன் கைப்பேசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காதான் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"மாசக் கடைசிச் சம்பளத்துல சாப்பாட்டுக் காச முடிச்சுரலாம்னு இருந்தேன்டா தம்பி. அது தீபாவளிக்கு முன்னாடியே வந்து செலவாயிருச்சுன்னு போன வாரந்தான் நெனப்பு வந்துச்சு. ஒருத்தர் தரேன்னு சொன்னாரு, காலையில இல்லன்னுட்டாரு. மொய் கவரையெல்லாம் சம்பந்திங்க முன்னால வச்சா பிரிக்க முடியும்? இவரு பின்னால நின்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு. ரசம் கேக்க வந்த பிள்ள இது, எம் மொகத்தப் பார்த்துட்டு எவ்வளவுன்னு ஒரு வார்த்ததான் கேட்டுச்சு."

நாங்கள் முதல் வருடம் விழுந்த அதே குழி. அதற்குப் பிறகு எங்களுக்கு அடியில் ஒரு பிடி சேர்ந்தது, அக்காவுக்குச் சேரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவள் தலைகுனிய இருந்தாள். நான் செயினுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வாரங்களில் அந்தப் பணம் கரைந்து போயிருந்தால், அந்த லாரிக்குப் பக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்போம்.

அக்கா முகம் கழுவிக்கொண்டு உள்ளே போன பிறகு மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அடி தெரிஞ்சிருச்சே?"

"அடியில அரிசிய எதுக்கு வச்சிருக்கோம், அழகு பார்க்கவா? வீட்டுல பசின்னா எடுத்து ஆக்கத்தானே?"

"லோன்?"

"வெள்ளிக்கிழமையே பிடிச்சுட்டான். அடுத்தது பிடிக்கிறதுக்கு முன்னாடி சம்பளம் வந்துரும். பார்க்காமயா செஞ்சேன்?" என்றாள். பிறகு என் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டு, "போய் முன்னால நில்லுங்க, படம் எடுக்கத் தாய்மாமனத் தேடுறாங்க" என்றாள்.

போய் நின்றேன். அந்தப் படத்தில் நான் நிமிர்ந்து நிற்கிறேன். பெரியம்மா என்ன சொன்னார், யார் என்ன கேட்டார் என்பதெல்லாம் எனக்குப் பிறகு நினைவே இல்லை. மண்டபத்தின் கடைசி வரிசையில் வாழை இலையில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலியான பிடியை மறுபடி சேர்க்க, அந்த மாதம் முழுவதும் முட்டையும் டின் சார்டின் மீனும்தான். இருபது வெள்ளியைத் தொடக் கூடாது என்று அதற்கும் காவல் போட்டாள். நான் வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு போனேன், தேநீருக்குக்கூடக் கடைப்பக்கம் போகவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாழ்நாளில் நான் இவ்வளவு கர்வத்தோடு சார்டின் சாப்பிட்டதில்லை. சம்பளம் வந்ததும் அவள் முதல் வேலையாக அந்தப் பிடியில் கொஞ்சம் திரும்பப் போட்டாள். பேங்க்காரனுக்கு ஒரு காசு மொய் போகவில்லை.

தை பிறந்ததும் விசேஷக் கணக்கிலிருந்து செயின் வாங்கினோம். மெல்லிய செயின்தான். பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலுக்குப் போனோம். மாப்பிள்ளை விடுமுறையில் வந்திருந்தார். கல்யாண மொய்ப் பணம் மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் போய்விட்டதால் அக்கா எங்களுக்கு மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செயின் டப்பாவைப் பார்த்ததும் அவள் இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தர வேண்டியதே இன்னும் நெறைய நிக்குது. இத எந்த மொகத்தோட வாங்குறது? அதுல கழிச்சுக்கங்கம்மா."

எனக்கும் ஒரு கணம் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"அது வேற அண்ணி, இது வேற. அது நீங்க எனக்குத் தர வேண்டியது. மெதுவா தாங்க, ஆனா தந்துருங்க, நான் கேட்டு வாங்கிக்குவேன். இது தாய்மாமன் சீரு. இதுல கழிக்க ஒண்ணும் கெடையாது."

அக்கா அப்படியே அவளைக் கட்டிக்கொண்டாள். நான் எத்தனையோ வருடமாக எரிச்சலோடு கேட்டுவந்த அந்த நாலு வார்த்தைக்குள் இவ்வளவு பெரிய மனசு இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. என் மனைவி டப்பாவிலிருந்து செயினை எடுத்து என் கையில் கொடுத்து, "நீங்க போடுங்க" என்றாள். அக்கா மகள் கூந்தலை ஒதுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் திரும்பி நின்றாள். கண் கலங்கிவிட்டதால் எனக்குக் கொக்கி தெரியவே இல்லை. இயந்திரத்தில் நெல் அளவு திருகாணியை எல்லாம் கழற்றி மாட்டுகிற விரல்கள் அந்தச் சின்ன வளையத்தைப் பிடிக்க முடியாமல் தடுமாறின.

என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைத் தள்ளிவிட்டு, கொக்கியை ஒரே தடவையில் மாட்டினாள்.

"ஒரு செயின மாட்டத் தெரியல" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "இதுக்குத்தான் பக்கத்து வீடு கேக்குற மாதிரி அந்தக் கத்து கத்துனாரு."